ஊர் கூடி வாங்கிய பப்: ஒரு பொருளாளரின் அனுபவம்

வட யார்க்‌ஷயரில் ஏறத்தாழ 400 பேர் வாழும் ஒரு சிற்றூரின் பப்பை 2016இல் ஊரார் சேர்ந்து வாங்கினோம். அன்று முதல் அதன் சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்து வருகிறேன். மது அருந்தும் பழக்கம் எனக்கு இல்லை. எலுமிச்சைச் சாறு விட்ட சோடாவுக்காக மட்டும் கல்லாவின் முன் வரிசையில் நிற்கும் பங்குதாரர் என்று இன்றும் என்னைக் கேலி செய்கிறார்கள். கும்பகோணத்தில் இருந்த என் தாயாரிடம் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னபோது, "ஊர்ப் பணத்தை வசூல் பண்ணிக் கள்ளுக்கடை வைக்கவாடா அங்கே போனே?" என்று கேட்டுவிட்டு, மழை பெய்கிறதா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கும் ஒரு மாநிலத்திலிருந்து பார்ப்பவருக்குப் பப் என்றால் பாட்டில் விற்கும் இடமென்றே தோன்றும். நான் இவ்வூருக்குக் குடிவந்தபோது பள்ளி மூடப்பட்டிருந்தது, அஞ்சலகம் மூடப்பட்டிருந்தது, பேருந்து நாளொன்றுக்கு இருமுறை வந்துகொண்டிருந்தது. தேவாலயத்தையும் ஊர் மண்டபத்தையும் விட்டால், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்காரக்கூடிய கூரை பப்பின் கூரை ஒன்றுதான். அடக்கம் முடிந்தபின் உறவினர் கூடித் தேநீர் அருந்துவது அங்கே. டாமினோ ஆட்டமும் டார்ட்ஸ் என்னும் சிற்றம்பு எறியும் போட்டியும் அங்கே. யாருடைய ஆடு வேலி தாண்டியது என்ற பஞ்சாயத்தும் அங்கே. மனைவியை இழந்த ஒரு முதியவர் தினமும் மாலை ஐந்தரை மணிக்கு வந்து அரை பைன்ட் (கால் லிட்டருக்குச் சற்று மேல்) பீருடன் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பார். அவர் வராத நாளில் யாராவது ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பார். நம் ஊர்த் திண்ணையையும் தேநீர்க் கடையையும் ஒன்றாக்கி, குளிருக்குக் கணப்பு வைத்துச் சுவர் எழுப்பியது போன்ற இடம் அது என்று நான் என் தாயாருக்குப் பிறகு விளக்கினேன்.

இத்தகைய இடங்கள் ஏன் மூடப்படுகின்றன என்பதற்கு மதுவின் விலை, மக்களின் பழக்க மாற்றம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. 2007 ஜூலை முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்ததும், பேரங்காடிகள் மலிவாகப் பீர் விற்பதும் உண்மையே. ஆனால் எங்கள் ஊரில் மூல காரணம் அதற்கும் முந்தியது. 1989இல் அரசு கொண்டுவந்த ஆணைகளின்படி, 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த பெரிய மதுவடிப்பு நிறுவனங்கள் தம் பிடியைத் தளர்த்த வேண்டியிருந்தது. சிறிய வடிப்பாளர்களுக்கு வாய்ப்புத் தருவதே நோக்கம், நடந்ததோ வேறு. கைமாறிய பப்புகளைப் பீர் காய்ச்சவே காய்ச்சாத புதிய சொத்து நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தன. அவற்றிடம் பப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் அந்நிறுவனம் சொல்லும் விலைக்கு அதனிடமே வாங்க வேண்டும். இந்தக் கட்டுக்குள் எங்கள் ஊரில் பத்தாண்டுகளில் ஐந்து குத்தகைக்காரர்கள் வந்து போனார்கள். ஐவரும் சோம்பேறிகள் அல்லர். கடைசியாக இருந்தவரின் கணக்கை அவர் அனுமதியோடு பார்த்தேன். வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைத்த அந்தத் தம்பதிக்கு மிஞ்சியது, பேரங்காடியில் பெட்டி அடுக்கும் ஒருவரின் கூலியை விடக் குறைவு.

நாங்கள் செய்த நல்ல காரியங்களில் முதன்மையானதை, பப் இன்னும் திறந்திருந்தபோதே செய்தோம். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், சமூகத்துக்கு மதிப்புடைய சொத்து என்று ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கும்படி உள்ளாட்சி மன்றத்தைக் கேட்கும் உரிமையை ஊராருக்குத் தருகிறது. உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்தால் போதும். பதிவு செய்யப்பட்ட அமைப்பு எதுவும் தேவையில்லை. எட்டு வாரத்துக்குள் மன்றம் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பப்பின் பழமையையும் பீரின் தரத்தையும் நான்கு பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தோமே தவிர, அங்கே என்ன நடக்கிறது என்பதை எழுதவில்லை. இரண்டாம் முறை ஒரு மாத நாட்குறிப்பை அப்படியே இணைத்தோம்: எந்த நாளில் எந்தக் குழு கூடியது, எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் வேறெங்கே கூடியிருக்க முடியும் என்று. அது ஏற்கப்பட்டது. விண்ணப்பம் எழுதுவோர் பீரை மறந்துவிட்டு நாட்குறிப்பை எழுதுவது நல்லது.

பட்டியலில் சேர்ந்தால் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. நாங்கள் வாங்கிய காலத்து விதிப்படி, உரிமையாளர் விற்க முடிவு செய்தால் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்; ஆறு வாரத்துக்குள் ஊர்க்குழு ஒன்று தான் வாங்கும் எண்ணத்தைத் தெரிவித்தால், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை வேறு யாருக்கும் விற்க முடியாது. அவ்வளவுதான். ஆறு மாதம் முடிந்தபின் அவர் விரும்பியவருக்கு, விரும்பிய விலைக்கு விற்கலாம். ஊராருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் உள்ளது போன்ற, முதலில் வாங்கும் உரிமை அப்போது இங்கே இருக்கவில்லை. சட்டம் எங்களுக்குத் தந்தது காலம் மட்டுமே, அதுவும் குறைந்த காலம்.

2015 அக்டோபரில் உரிமையாளரின் அறிவிப்பு வந்தது. குத்தகைத் தம்பதி வெளியேறினார்கள், அவர்களுடைய சிறு நிறுவனம் கலைக்கப்பட்டது, கதவில் பலகை அறையப்பட்டது. அந்தப் பரபரப்பில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். மது விற்பனை உரிமம் அந்தத் தம்பதியின் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் நொடித்துக் கலையும்போது உரிமமும் காலாவதியாகிவிடும். 28 நாளுக்குள் மாற்றக் கோரினால் மட்டுமே அதை உயிர்ப்பிக்கலாம். எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பிறகு புதிய உரிமத்துக்கு முதலிலிருந்து விண்ணப்பித்து, ஆட்சேபங்களுக்காகக் காத்திருந்து, பழைய உரிமத்தில் இருந்த நள்ளிரவு வரையிலான நேரத்தை இழந்து பதினொரு மணியோடு ஒப்புக்கொண்டோம். பூட்டிய பப்பைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு ஊர்களுக்குப் போய்வந்தோம். ஒன்று, கம்ப்ரியாவில் உள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட். அங்கே ஊரின் மதுவடிப்பகத்தை 1999இல் கூட்டுறவாக வாங்கியவர்கள், 2003இல் அதனருகே இருந்த ஓல்ட் கிரௌன் பப்பையும் வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவுப் பப் என்று அது அறியப்படுகிறது. மற்றொன்று எங்களுக்கு அருகில் இருக்கும் ஹட்ஸ்வெல். அதன் ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008இல் மூடப்பட்டு, ஊரார் வாங்கி, 2010இல் திறக்கப்பட்டது. ஒரு சிறு நூலகம், ஒரு சிறு கடை, பின்புறம் ஊரார் பயிரிடும் தோட்டப் பாத்திகள் என்று எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கட்டடத்துக்குள்ளும் அதன் பின்நிலத்திலும் அடக்கியிருந்தார்கள். பின்னாளில், நல்ல பீருக்காக இயங்கும் காம்ரா அமைப்பு அதை 2016ஆம் ஆண்டின் தேசியச் சிறந்த பப்பாகத் தேர்ந்தது. அங்கிருந்து திரும்பும்போது எங்கள் வண்டியில் எல்லோரும் நூலகத்தைப் பற்றிப் பேசினார்கள். நானோ அங்கே சங்கம் கட்டடத்துக்கு மட்டும் உரிமையாளராக இருக்க, பப்பைக் குத்தகைக்காரர் ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் நடத்துகிறார் என்பதைக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டேனே தவிர, அதை எங்கள் குழுவில் அழுத்திச் சொல்லவில்லை. அதற்கான விலையைப் பின்னர் கொடுத்தோம்.

எந்த வடிவில் அமைப்பைப் பதிவு செய்வது என்பதில் எங்களுக்கு வழிகாட்டியது பிளங்கெட் அறக்கட்டளை. அயர்லாந்தின் கூட்டுறவு முன்னோடியான சர் ஹொரஸ் பிளங்கெட் 1919இல் நிறுவியது அது. ஊர்க் கடைகளையும் பப்புகளையும் கூட்டுறவாக நடத்துவோருக்கு மாதிரி விதிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்தோம். ஒருவர் 250 பவுண்டு போட்டாலும் 15,000 பவுண்டு போட்டாலும் வாக்கு ஒன்றே. பங்கை வெளியில் விற்க முடியாது. சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துப் போட்ட பணத்தை மட்டுமே, அதுவும் நிர்வாகக் குழு இசைந்தால், பெறலாம். சொத்தின் மதிப்பு இரட்டிப்பானாலும் பங்கின் மதிப்பு உயராது. இதைக் கேட்டு ஊரின் பெரும் நிலக்காரர் ஒருவர், பணம் போடுபவனுக்கு இதில் என்னதான் இருக்கிறது என்று வெளிப்படையாகவே கேட்டார். எனக்கோ இது புதிதாகத் தோன்றவில்லை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் தோழர்களுமாக 28 பேர் தொடங்கிய கடையின் விதிகளே இவற்றுக்கு வேர். அதே இயக்கத்தின் வழியில் 1904இல் சென்னையில் தோன்றியதே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். என் பெரியப்பா தம் பங்குச் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் பட்டுவேட்டிக்கு அடியில் வைத்திருப்பார். அதிலிருந்து அவர் பணக்காரர் ஆகவில்லை.

பணம் திரட்டியது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆர்வம் கணக்கை மறைக்கும். ஊர் மண்டபத்தில் 140 பேர் கூடிய முதல் கூட்டத்தில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டோம். யார் எவ்வளவு தருவதாக உத்தேசம் என்று எழுதச் சொன்னோம். கூட்டினால் 3,10,000 பவுண்டு வந்தது. கை தட்டினார்கள், சிலர் அழுதார்கள். நான்கு மாதம் கழித்துப் பங்கு வெளியீடு முடிந்தபோது வங்கிக் கணக்கில் இருந்தது 2,14,000. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. மகளின் திருமணம் வந்தது, வீட்டுக் கூரை ஒழுகியது, துணைவர் கணக்குக் கேட்டார். வாய்ச்சொல்லைப் பத்துக்கு ஆறரை என்று மதிப்பிட்டுத் திட்டம் போடுமாறு பிற ஊர்க் குழுக்களுக்கு இன்று நான் சொல்கிறேன்.

பெருந்தொகைகளைத் தேடி நாங்கள் வீணாக்கிய வாரங்கள் பல. வந்ததில் பெரும்பகுதி 250க்கும் 1,000க்கும் இடைப்பட்ட பங்குகளாகவே வந்தது, அதுவும் துண்டறிக்கையைப் பார்த்து வரவில்லை. மூன்று பெண்கள் மாலைதோறும் வீடு வீடாகச் சென்று, அடுப்படி மேசையில் உட்கார்ந்து, படிவத்தைக் கூடவே இருந்து நிரப்பி வாங்கி வந்தார்கள். ஊரைவிட்டுப் போய் ஆஸ்திரேலியாவில் இருந்தவர்களும், தம் திருமண விருந்து அங்கே நடந்ததை நினைத்து அனுப்பினார்கள். 250 பவுண்டு ஒரே தடவையில் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு மாதம் 25 பவுண்டாகக் கட்டும் வழி வைத்தோம். இதை நான் முதலில் எதிர்த்தேன், கணக்கு எழுதும் சிரமத்துக்காக. என் எதிர்ப்பு தவறு. இன்று புதனோ வியாழனோ தவறாமல் வந்து அமர்பவர்களில் பாதிப்பேர் அந்த மாதத் தவணைக்காரர்கள்.

விலையில் ஒரு பாடம் உண்டு. நிறுவனம் கேட்டது 3,25,000. நாங்கள் தனியாக ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தினோம். நன்றாக நடத்தினால் அந்த இடத்தில் எவ்வளவு வணிகம் நடக்கக்கூடும் என்பதைக் கொண்டு அவர் 2,55,000 என்று எழுதித் தந்தார். வீடுகளாக மாற்றினால் கிடைக்கும் விலையை மனத்தில் வைத்தே நிறுவனம் கேட்டது. ஆனால் வீடாக மாற்றத் திட்ட அனுமதி வேண்டும், அனுமதி தரும்போது சமூக மதிப்புப் பட்டியலில் அந்தக் கட்டடம் இருப்பதையும் மன்றம் கருத்தில் கொள்ளலாம். இரண்டையும் அமைதியாக எடுத்துக் காட்டி, ஐந்து மாத இழுபறிக்குப் பின் 2,65,000க்கு முடித்தோம். அன்று மாலை நான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் வழக்கறிஞரின் கடிதம் வந்தது: இந்தச் சொத்தின் மீது விற்பவர் வாட் வரி விதிக்கும் தெரிவைச் செய்திருக்கிறார், எனவே மாடிக் குடியிருப்புக்கான பங்கைக் கழித்து மீதி விலைக்கு 20 விழுக்காடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று. ஏறத்தாழ 48,000 பவுண்டு! சங்கம் வரிப் பதிவு செய்துகொண்டு, நாமும் அதே தெரிவைச் செய்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் கட்டியாக வேண்டும், திரும்பி வர மாதங்கள் ஆகும். முப்பது ஆண்டு கணக்கு வேலை பார்த்த நான் இதை முதல் கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற இருவர் மூன்று மாதத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்த கைமாற்றே எங்களைக் கரை சேர்த்தது. மீதித் தேவையை, சமூகப் பப்புகளுக்காக அந்த ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின் மானியத்தாலும் கடனாலும் நிரப்பினோம்.

பழுதுபார்ப்புக்கு 60,000 என்று போட்டிருந்தோம், 94,000 ஆயிற்று. பெரும் செலவு சுவரில். முன்பு இருந்தவர்கள் பழைய கற்சுவரின் மீது சிமென்ட் பூசியிருந்தார்கள். உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, உத்தரங்களின் முனைகள் மக்கிப் போயிருந்தன. சிமென்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும் என்று கொத்தனார் சொன்னபோது, எங்கள் தாத்தா வீட்டுச் சுவரைப் பற்றி நான் அவருக்குச் சொன்னேன். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பார்கள் என்பதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் குறித்துக்கொண்டார். உரிப்பதும் சுமப்பதும் ஊராரின் வேலை, பூசுவது அவருடையது. தன்னார்வ உழைப்பால் செலவு குறையும் என்பது உண்மை. வேலை நீளும் என்பதும் உண்மை. சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கும் வேலைக்காகத் தொழிலாளி மற்ற நாள்களில் காத்திருக்க மாட்டார். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கான காப்பீடு திறந்திருக்கும் கட்டடத்தினதைவிட அதிகம் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

2016 டிசம்பரில் திறந்தோம். முதல் வாரம் ஒரு திருவிழா.

பதினான்கு மாதத்தில் 31,000 பவுண்டு நட்டம். சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வைத்து நாங்களே நடத்துவது என்று முடிவு செய்திருந்தோம். காரணம், "நம் பப்பை நாமே நடத்த வேண்டும்" என்ற உணர்வு. திறமையான இளம்பெண் ஒருவர் வந்தார். அவருக்கு முதலாளி ஒருவர் அல்ல, பன்னிரண்டு பேர். ஒருவர் இசை வேண்டும் என்பார், ஒருவர் வேண்டாம் என்பார். சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கப்படுகிறது என்று ஒருவர் அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பார். பங்குதாரர் என்ற உரிமையில் கல்லாவுக்குப் பின்னால் புகுந்து தாமே ஊற்றிக்கொண்டவரும் உண்டு.

அந்த நட்டத்தில் ஒரு பங்கு நிலவறையில் ஒழுகியது. குடிக்காதவனாகிய நான் பீரைப் பற்றிக் கற்றது அங்கேதான். பீப்பாயில் வரும் ஏல் என்னும் பாரம்பரியப் பீர் உயிருள்ள பொருள். அதன் நொதிப்பு பீப்பாய்க்குள்ளும் தொடரும். வந்தவுடன் விற்க முடியாது, 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் ஓரிரு நாள் வண்டல் படியவிட வேண்டும். மர ஆப்பு அடித்துக் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும். குழாய் செருகியபின் ஏறத்தாழ மூன்று நாள் நன்றாக இருக்கும், பிறகு புளிக்கத் தொடங்கும். நம் வீட்டுத் தோசை மாவின் போக்கு அறிந்தவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. சாதாரணப் பீப்பாய் ஒன்பது கேலன், அதாவது 72 பைன்ட். தேர்வு இருக்க வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்ததால், கல்லாவில் எப்போதும் நான்கு வகை ஏல் இருந்தது: 288 பைன்ட் திறந்த நிலையில். குளிர்கால வார நாளில் நாங்கள் விற்ற ஏல் முப்பது பைன்டைத் தாண்டவில்லை. மூன்று நாளில் தொண்ணூறு. மற்றது சாக்கடையில் போயிற்று, அல்லது, அதைவிட மோசமாக, புளித்த நிலையில் வாடிக்கையாளரின் கோப்பையில் போயிற்று. ஒரு தடவை கெட்ட பைன்ட் குடித்தவர் புகார் சொல்வதில்லை. பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறார். வார நாள்களில் இரண்டு வகை, அதில் ஒன்று 36 பைன்ட் மட்டும் கொள்ளும் சிறு பீப்பாய், வார இறுதியில் மட்டும் மூன்றாவது என்று மாற்றினோம். வாரம் ஒருமுறை குழாய்களைக் கழுவுவதையும், காலையும் மாலையும் நிலவறையின் வெப்பநிலையைக் குறிப்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டாயமாக்கினோம். வீணானது கால்வாசியாகக் குறைந்தது. தேர்வு குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

2018இல் ஹட்ஸ்வெல்லில் பார்த்ததற்கே திரும்பினோம். ஆண்டுக்கு 18,000 பவுண்டு வாடகைக்கு, எந்தப் பீர்க் கட்டும் இல்லாமல், ஒரு தம்பதிக்கு ஐந்தாண்டுக் குத்தகை. கூரையும் வெளிச்சுவரும் எங்கள் பொறுப்பு, உட்புறம் அவர்களுடையது. குத்தகை முடிந்ததும் புதுப்பிக்கக் கோரும் உரிமையை 1954ஆம் ஆண்டுச் சட்டம் வணிகக் குத்தகைக்காரருக்குத் தருகிறது. அந்தப் பாதுகாப்பிலிருந்து இக்குத்தகை இருதரப்பு இசைவோடு விலக்கப்பட வேண்டும் என்று வழக்கறிஞர் வற்புறுத்தினார். அது இரக்கமற்றதாக எனக்குத் தோன்றியது. ஆனால் ஊரின் ஒரே பப்பைத் தவறான ஒருவரிடம் மாட்டவிட முடியாது என்பதும் நியாயமே. வாரத்தில் ஒரு காலை அஞ்சலகச் சேவைக்கு இடம் தருவது, புத்தக அலமாரி, ஊர்க் கூட்டங்களுக்கு வாடகையின்றிப் பின்னறை ஆகியவற்றைக் குத்தகையிலேயே எழுதினோம். நாங்கள் எங்களுக்கே விதித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: குழுவில் ஒருவர் மட்டுமே குத்தகைக்காரரிடம் குறைகளைப் பேசுவார், மாதம் ஒருமுறை, கல்லாவுக்கு அப்பால், தேநீரோடு. இந்த விதியை மீறிய நண்பர் ஒருவரைக் குழுவிலிருந்து விலகச் சொல்ல நேர்ந்தது. அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்தியர் ஒருவர் குழுவில் இருந்தால் "கறி இரவு" நடத்துவார் என்று ஊர் எதிர்பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. தெரிந்த என் மனைவி, வேலை விட்டு வந்தபின் அறுபது பேருக்குச் சமைக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னார். ஒரேயொரு பிப்ரவரி மாலை மட்டும் இசைந்து, தோசை என்றார். மாவு பொங்கவில்லை. கடைசியில் கொதிகலன் அறையில் வைத்துப் பொங்க வைத்தோம்; 110 தோசை போயிற்று. மறுபடி கேட்டபோது செய்முறையை எழுதிக் கொடுத்துவிட்டார்.

2020 மார்ச் 20 இரவு நாடெங்கும் பப்புகளை மூடச் சொன்னார்கள். நிலவறையில் ஏழு பீப்பாய்கள் இருந்தன. சாதாரண உரிமையாளர் என்றால் வாடகை கேட்டிருப்பார். எங்கள் சங்கம் மறுநாளே மூன்று மாத வாடகையைத் தள்ளுபடி செய்தது, ஏனெனில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அனைவரும் நடந்து வரும் தொலைவில் இருந்தார்கள். பின்னறை மாவும் ஈஸ்ட்டும் முட்டையும் விற்கும் கடையாயிற்று. தனியே இருந்த முதியவர்களுக்கு ஞாயிறு வறுவல் சாப்பாட்டை வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். ஜூலை 4 அன்று திறந்தபோது குத்தகைத் தம்பதி கடனில்லாமல் இருந்தார்கள். அதைவிடக் கடினமாக இருந்தது 2022. மின்சார ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் கட்டணம் இரண்டரை மடங்காயிற்று. நிலவறைக் குளிரூட்டியையும் பொரிப்பானையும் அணைத்து வைக்க முடியாது. திங்களும் செவ்வாயும் மூடுவது என்ற முடிவு அப்போது வந்தது. ஊரில் சிலருக்கு அது துரோகமாகப் பட்டது. முந்தைய ஆண்டின் செவ்வாய்க்கிழமை வரவை நான் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டினேன்: சராசரி ஒன்பது பேர். அதில் என்னைப் போன்ற சோடாக்காரர்களும் அடக்கம்.

இப்போது என்னை அதிகம் வருத்துவது பங்கைத் திருப்பிக் கேட்போரின் கணக்கு. 2016இல் பணம் போட்டவர்களில் பலர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். இறந்தவர்களின் பிள்ளைகள் நகரத்திலிருந்து கண்ணியமாகக் கடிதம் எழுதுகிறார்கள்; பணம் அவர்களுடையது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் விதிப்படி சங்கத்தின் உபரியிலிருந்தோ புதிதாகச் சேரும் பங்குகளிலிருந்தோதான் கொடுக்க முடியும், கட்டடத்தை விற்று அல்ல. ஆண்டுக்கு மொத்தப் பங்கில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் திருப்புவதில்லை என்று எல்லை வைத்து, வரிசைப்படி கொடுத்து வருகிறோம். இதைத் தொடக்கத்திலேயே பங்கு அறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். போடாத ஊர்களில் பிள்ளைகளோடு மனக்கசப்பு வந்ததைக் கேட்டிருக்கிறேன். புதிதாகக் குடிவருவோர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு மாதத்துக்குள் படிவத்தோடு போவதை வழக்கமாக்கியிருக்கிறோம். போகிறவர் அந்த மூன்று பெண்களில் ஒருவர். மற்ற இருவர் இப்போது இல்லை.

ஒருமுறை குத்தகையைப் புதுப்பித்த அந்தத் தம்பதி வரும் மார்ச்சில் விடைபெறுகிறார்கள். பேரக்குழந்தைகளுக்கு அருகில் போக வேண்டுமாம். விளம்பரத்துக்கு விண்ணப்பம் அனுப்பியவர்களில் மூன்று பேரை வியாழக்கிழமை பின்னறையில் சந்திக்கிறோம். குழுவில் மற்றவர்கள் உணவுப் பட்டியலையும் ஊரோடு பழகும் விதத்தையும் பற்றிக் கேட்பார்கள். கேள்விகளை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றே ஒன்று எழுதினேன். குளிர்கால வார நாள் ஒன்றில் எத்தனை பீப்பாய் திறப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, நிலவறையின் வெப்பநிலை நோட்டுப் புத்தகத்தை அவர்கள் முன்னால் வைத்து, அவர்கள் அதைப் புரட்டுகிறார்களா என்று பார்க்கப் போகிறேன்.